காப்பகப் பெற்றோர் குழு, தண்டையார்பேட்டை: சாப்பாட்டு டப்பா

வணக்கம். வரும் திங்கள் முதல் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் இவற்றைக் கவனியுங்கள்:

1. திராட்சையை முழுசாக வைக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே வட்டமாக வெட்டினால் தொண்டையை அப்படியே அடைக்கும்.

2. முழு வேர்க்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம். கடலையை நைசாக அரைத்துச் சட்னியாகத் தரலாம்.

3. காசிமேட்டு மீன் நல்லதுதான், மறுக்கவில்லை. முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஆயாம்மா எத்தனை பிள்ளைக்குத்தான் முள் எடுப்பார்?

4. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, நாக்கில் தடவுவதும்தான். பாட்டிமார்களிடம் பேசுவது உங்கள் பொறுப்பு!

5. டப்பாவில் பெயர் எழுதுங்கள். இந்த வெயிலில் சாதம் சீக்கிரம் ஊசிவிடும், வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுங்கள்.

சனிக்கிழமை காலை 10.30 மணிக்குக் காப்பகத்தில் கூட்டம். தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது என்று ஒரு செவிலியர் செய்து காட்டுவார். ஒரு வயதுக்குள் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு நெஞ்சில் 5 அழுத்தம். அதை நேரில் பார்த்தால்தான் கை பழகும். அப்பாக்களும் வாருங்கள்.

அப்புறம், பால், முட்டை, கடலை என எது ஒவ்வாமை என்றாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே 'வருகிறேன்' என்று போடுங்கள்.