கரும்புக் காட்டுச் சரிவிலுள்ள கற்குவையைக் கலைக்காமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
டோங்காட், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
தொல்லியல் அதிகாரி அவர்கள்,
மாகாணப் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகம்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

பொருள்: சாலைப் பணியில் வெளிப்பட்ட கற்பதுக்கையை நேரில் ஆய்வு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் கரும்புக் காட்டின் மேற்கு ஓரத்தில், சரிவின் உச்சியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கற்குவியல் இருக்கிறது. பாட்டனார் காலம் முதல் அதன்மேல் ஏர் பட்டதில்லை. சுற்றித்தான் கரும்பு நட்டோம். சென்ற திங்கட்கிழமை, சாலையை அகலப்படுத்த வந்த ஒப்பந்தக்காரரின் மண்தோண்டும் இயந்திரம் அதன் ஒரு மூலையை வாரிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினேன். சரிந்த கற்களுக்கு அடியில் இரண்டு பலகைக் கற்கள், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றன. சந்துகளில் பொடிக்கற்களை விரலால் திணித்ததுபோல் அடைத்திருக்கிறார்கள். மேலே ஒரு மூடுகல். அதன் அடியில் கை நுழையுமளவு இடுக்கு. நான் நுழைக்கவில்லை. குவியலில் இருப்பவை வழவழப்பான ஆற்றுக்கற்கள். ஆறோ சரிவின் அடியில் ஓடுகிறது. இத்தனை கல்லும் தானாக மேலேறி வந்திருக்காது.

"வழிப்போக்கர்கள் போட்ட இசிவிவானேதான் இது" என்றார் மேற்பார்வையாளர். பக்கத்து வீட்டுச் சூலு மூதாட்டி சிரித்துவிட்டார். இசிவிவானே பாதையோரத்தில் இருக்கும், போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போடுவார்கள். இங்கே எந்தக் காலத்திலும் பாதை இருந்ததில்லை, அதன் அடியில் யாரும் கல்லால் பெட்டி கட்டுவதுமில்லை என்றார்.

தமிழ்நாட்டிலும் நான்கு புறமும் பலகைக்கல் நிறுத்தி, மூடுகல் இட்டு, மேலே கற்களைக் குவித்த பெருங்கற்காலப் பதுக்கைகள் என்னும் கல்லறைகள் உண்டு. அதனால்தான் பார்த்தவுடன் எனக்குப் பொறி தட்டியது. இதைத் தமிழர் கல்லறை என்று உரிமை கொண்டாட வரவில்லை. அப்படிக் கிளம்புகிறவர்கள் எங்களுள் இருக்கிறார்கள், அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் முன்னோர் வந்த முதல் கப்பல் டர்பனை அடைந்ததே 1860இல்தான். ஆனால் தோட்டத்தில் மாண்ட என் கொள்ளுப்பாட்டிக்கும் தலைமாட்டுக் கல் ஒன்றே அடையாளமாக இருந்தது. அது உழவில் போய்விட்டது.

1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம், 36ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி நிர்வகிக்கும் இடுகாட்டுக்கு வெளியேயுள்ள 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதியின்றித் தொடக்கூடாது. வேலையிடையே கல்லறை தென்பட்டால் உடனே நிறுத்தித் தெரிவிக்க வேண்டும். இது தாங்கள் அறியாததல்ல. ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன், "எழுத்தில் கொண்டுவாருங்கள்" என்றார். ஆகவே இந்த மனு.

அந்தச் சரிவில் வேலையை நிறுத்த எழுத்துமூலம் ஆணையிட்டு, தொல்லியலாளர் ஒருவரை அனுப்ப வேண்டுகிறேன். வாரிய கற்கள் சாலையோரம் கிடக்கின்றன. அவை தளத்துக்கு நிரவப்பட்டுவிடக் கூடாது. உள்ளே எலும்பு இருந்தால், இவ்வூர்ச் சூலுப் பெரியவர்களைக் கேட்காமல் எங்கும் கொண்டுபோக வேண்டாம். நாட்டின் வட எல்லையிலுள்ள பழைய ஆப்பிரிக்க அரசின் தலைநகரான மாப்புங்குப்வேயில் 1930களில் தோண்டியெடுத்த எலும்புகள் 2007இல்தான் மீண்டும் அடக்கமாயின.

இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் உரமூட்டைகளை வைத்திருக்கிறேன். குவியலின் கல் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மழை தொடங்கினால் தார்ப்பாய் தாங்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்