'டேக் ஆஃப்' விமானத்துக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பில் இருபது 'ஃபிரேசல் வெர்ப்'களை, அதாவது சிறுசொல் ஒட்டிய ஆங்கில வினைகளை, அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பொருளைப் போட்டிருந்தீர்கள். 'டேக் ஆஃப்' என்பதற்கு 'விமானம் புறப்படுதல்'. படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. காரணம், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி.

பள்ளித் தேர்வில் இதே வினையை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் முடிந்ததும் மாமா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் 'டேக் ஆஃப்' ஆனார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பிழையே இல்லாத வாக்கியம். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'மாமா விமானமா?' இரண்டு மதிப்பெண் போயிற்று.

முப்பத்தோராண்டு அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் 'டேக் ஆஃப்'தான். கடைக்காரர் விலையில் பத்து ரூபாய் தள்ளுவதும், வெள்ளிக்கிழமை விடுப்பு எடுப்பதும், புதுத் தொழில் சூடுபிடிப்பதும் அதுவே. கடைசி பெஞ்சுப் பையன் என் நடையையும் குரலையும் அப்படியே நடித்துக் காட்டுவானே, அதுவும் அதுதான். நன்றாகவே செய்வான். 1755இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் 'டேக் ஆஃப்' என்பதற்குத் தந்திருக்கும் பொருளும் இந்தப் போலச் செய்தலே. இப்படிச் சிறுசொல் ஒட்டிய வினைகள் அயல்மொழியாருக்குப் பெருந்தொல்லை என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்.

வகுப்பில் நான் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: 'எதை?' செருப்பை, பத்து ரூபாயை, டீச்சரை என்று பதில் வந்தால் 'இட்', 'ஹெர்' போன்ற சொற்கள் நடுவில் நுழைந்துகொள்ளும். 'டேக் இட் ஆஃப்' சரி. 'டேக் ஆஃப் இட்' தவறு. விமானத்திடமும் மாமாவிடமும் அந்தக் கேள்வி செல்லாது. ஒற்றைச் சொல் பட்டியலில் இதை எங்கே சொல்ல முடியும்?

நமக்கும் பசி எடுக்கிறது, படம் எடுக்கிறோம், நாய் துரத்தினால் ஓட்டம் எடுக்கிறோம். எடுத்தல் என்றால் கையில் தூக்குதல் என்று மட்டும் குறித்துக்கொண்டு ஒரு வெளிநாட்டவர் தமிழ் கற்க வந்தால் அவர் பாடு என்ன?

அடுத்த முறை இருபது வேண்டாம், இரண்டே வினைகள் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழு வாக்கியத்தோடு வெளியிடுங்கள். மாமாவின் வாக்கியத்தைப் போட்டுக்கொள்ளலாம். பேத்தி சம்மதித்துவிட்டாள். மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மயிலாடுதுறை.