என்ஜின் சூடாவதற்கு முன்னால் போய் நில்: பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆறு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 2018 ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஒரே ஓனர், மீட்டரில் 31,000 கிலோமீட்டர். உன் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் பணம் போட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் சொல்கிறார். வண்டி பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் டயருக்குப் பாலிஷ், என்ஜினுக்குக் கறுப்பு ஸ்ப்ரே, டேங்குக்கு மெழுகு எல்லாம் அரை நாள் வேலை. மூன்றாவது போட்டோவைப் பார். ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் வரியே இல்லை, கியர் லிவர் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. மீட்டர் சொல்லும் கணக்கோடு இது ஒத்துப்போகவில்லை. ஸ்ப்ளெண்டர் மீட்டர் முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிளில் ஓடுவது. கேபிள் அறுந்தாலும் கழற்றி விட்டாலும் வண்டி ஓடும், எண் ஓடாது. அதனால் மீட்டரை நம்பாதே. பிரேக் பெடல், கைப்பிடி ரப்பர், சாவித் துவாரம் ஆகிய மூன்றையும் பார்த்து, எவ்வளவு ஓடியிருக்கும் என்று நீயே ஒரு கணக்குப் போடு.

வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார். எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகப் பார். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், "கடன் முடிந்துவிட்டது" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. கடன் கொடுத்தவர் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்றும்) அவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். அவை இல்லாமல் அந்தப் பெயரை நீக்க முடியாது. வண்டி பி.ஒய். (புதுச்சேரி) நம்பராக இருந்தால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அது மலிவான வண்டியாக இருக்காது.

காலையில் போ. வண்டியைத் தொடவே வேண்டாம், நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம் என்று முந்தின நாளே சொல்லி வை. போனதும் சிலிண்டர் ஃபின் மேல் கையை வை. சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் டீ குடித்துவிட்டு முழுதாக ஆறும்வரை காத்திரு, இல்லாவிட்டால் இன்னொரு நாள் போ. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சூடான என்ஜினில் உலோகம் விரிந்து இடைவெளிகள் அடைந்திருக்கும், எண்ணெய் மேலே ஏறியிருக்கும். ஸ்டார்ட் ஆகும் சிரமம், முதல் புகை, முதல் சத்தம் எதுவுமே அப்போது தெரியாது.

ஆறிய என்ஜினில் முதலில் சாவி போடாமல் கிக்கரை மெதுவாக அமுக்கு. ஓரிடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். அங்கே உடல் எடையைக் கொஞ்சம் கொடுத்தால் நின்று, பிறகு மெல்ல இறங்க வேண்டும். பஞ்சு மாதிரி உள்ளே போனால் கம்ப்ரஷன் இல்லை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம். அடுத்து வலது பக்கம் இருக்கும் ஆயில் மூடியைக் கழற்று, டிப்ஸ்டிக் அதோடுதான் வரும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். துடைத்துவிட்டு, மரையைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்து அளவைப் பார். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்த என்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலையும் சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஃபில்டரும்தான் உண்டு, ஆயிலும் கொஞ்சம்தான் பிடிக்கும். அந்தக் கொஞ்சம் ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் முதலில் அடி வாங்குவது மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் ராக்கர் ஆர்மும். கம்பெனி சொல்வது 10டபிள்யூ30 ஆயில். சத்தத்தை அடக்குவதற்காக அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி நிறுத்தியிருப்பார்கள். டிப்ஸ்டிக்கில் புத்தம் புதிய ஆயில் தேன் போலக் கெட்டியாக வழிந்தால், என்ன ஊற்றினீர்கள் என்று கேள். டப்பாவைக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

இப்போது சோக் போட்டு ஸ்டார்ட் செய். உன் கண் சைலன்சர் முனையில் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு முறை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது. அது பயப்படும் செலவு இல்லை, பேரத்தில் வைத்துக்கொள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் போர் வேலை இருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டரோ அடைத்துப்போன ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கும், சின்ன வேலைதான். புகையே தெரியாவிட்டாலும் சைலன்சர் வாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். காய்ந்த கரி ஒட்டினால் பரவாயில்லை. எண்ணெய்ப் பசையோடு பிசுபிசுவென்று வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் இதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும். பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், ரிங்கைத் தாண்டி இறங்கும் அழுத்தம், என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஆயிலை அங்கே தள்ளுகிறது.

சத்தத்தில் எல்லோரும் டாப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பகுதி) சத்தத்துக்குப் பயப்படுவார்கள். லேசாக டிக் டிக் என்று கேட்பது நல்லதுதான். அறவே சத்தமில்லாத டாப்பெட்தான் ஆபத்து. விற்பதற்காக டாப்பெட் இடைவெளியை இறுக்கி வைத்தால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும், கொஞ்ச நாள் கழித்து ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். ஐடிலில் சிலிண்டர் இடது பக்கம் கரகரவென்று சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயினோ டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. அடிவயிற்றிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் அது கிராங்க், கனெக்டிங் ராடு சங்கதி. பேரமே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

என்ஜின் வேலையைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். வளைந்த சேசிஸ் அப்படி இல்லை. ஹேண்டில் பார் முனை, பிரேக் லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சர் ஓரம் எல்லாம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. டேங்குக்கு முன்னால், ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துக் குழாயின் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பார். பெயின்ட் வெடித்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ முன்னால் மோதிய வண்டி. ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் ஒரே அகல டயர் என்பதால் நேர்கோட்டைச் சோதிப்பது சுலபம். பின் டயரின் ஒரு பக்கத்தில் நூலைப் பிடித்து முன் டயர்வரை இழு. ஹேண்டிலை நேராக வைத்தால் இரண்டு டயரிலும் நூல் சீராகப் படிய வேண்டும். மறுபக்கமும் அப்படியே செய். எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கம் படிந்து மறுபக்கம் விலகினால் பின்சக்கரத்தைச் செயின் அட்ஜஸ்டரில் கோணலாக வைத்திருக்கலாம், அதைச் சரிசெய்து மறுபடி பார். அப்போதும் விலகினால் வாங்காதே. பின் டயரை யாராவது அகலமாக மாற்றிப் போட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், டயர் பக்கவாட்டில் உள்ள அளவைப் படித்துக்கொள். அங்கேயே நான்கு இலக்க எண்ணும் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. எவ்வளவு பட்டன் மீதி இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் வழுக்கும்.

சென்டர் ஸ்டாண்டில் பின்பக்கம் ஒருவரை உட்காரச் சொல். முன்சக்கரம் எழும்பியதும் ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பு. நேராக வரும் இடத்தில் லேசாகக் கொக்கி போட்டு நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் ஆட்டு, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டு. ஆட்டம் இருந்தால் முன்னால் கோன் செட், பின்னால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங். போர்க் குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் நிற்காது. பிரேக்கை அமுக்கி டிரம் தட்டில் உள்ள அம்புக்குறியைப் பார், குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தீர்ந்தது. செயின் முழு மூடிக்குள் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. மூடியில் உள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே தொட்டுப் பார். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வும் இருந்தால் செயின் ஸ்பிராக்கெட் செட்டையே மாற்ற வேண்டும்.

2018 வண்டியில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் இருக்கக் கூடாது. 2017 ஏப்ரல் முதல், என்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரியும் விதி வந்துவிட்டது. யாராவது தனிச் சுவிட்ச் வைத்திருந்தால் ஒயரிங்கை வெட்டியிருக்கிறார்கள், அந்த ஒட்டைத் தேடிப் பார். சென்னைப் பக்க வண்டி என்பதால் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மனதில் வை. சீட்டைக் கழற்றி போல்ட் தலைகளைப் பார், ஹெட்லைட் உள்ளே மெல்லிய சேற்றுப் படலமோ மீட்டர் கண்ணாடிக்குள் நீர்த் தடமோ இருக்கிறதா என்று பார். சோப்புத் தண்ணீர் அங்கெல்லாம் போகாது.

ஓட்டிப் பார்க்கும்போது தெருமுனைவரை போய்த் திரும்பாதே. குறைந்தது 5 கிலோமீட்டர் ஓட்டு, அதற்கு முன் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள். ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுச் சட்டென்று விடு. கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாகத் திருகு. சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. திரும்பி வந்து அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய். பிறகு குனிந்து கியர் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட் சீல் ஓரங்களில் புதிதாக ஆயில் கசிந்திருக்கிறதா பார்.

சேசிஸ் நம்பர் கழுத்துக் குழாயிலும், என்ஜின் நம்பர் என்ஜின் கேஸிலும் வெட்டியிருக்கும். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக நீயே ஒப்பிடு. அரத்தால் தேய்த்த தடம் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்.

கடைசியாக உன் ஸ்கூட்டர். நீ வாங்கும் வண்டியைவிட இதைப் பற்றித்தான் நீ குறைவாக யோசித்திருப்பாய். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றாகக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. அந்த ஸ்கூட்டர் யார் கையில் சுற்றினாலும் ஆர்.சி.யில் இருப்பது உன் பெயர். விற்ற வண்டி கைமாறிப் போய் விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் கொடுத்தால் படிவம் 29சி மூலம் தகவல் பதிவு செய்யலாம், அதோடு பொறுப்பு அவருக்குப் போகும். உன் கன்சல்டிங்காரரிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் ஸ்கூட்டரை எக்ஸ்சேஞ்சில் தராதே. வாங்குபவர் பெயருக்கே நேராக மாற்றி விற்று, அந்தப் பணத்தோடு போ.

ஸ்ப்ளெண்டருக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால் ஓனர் கையெழுத்தை ஆர்.சி.யில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடு. மீதியைப் பெயர் மாற்ற விண்ணப்பம் போடும் அன்று கொடு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகலாம் என்று சொல்லி வை. டார்ச், வெள்ளைத் துணி, நான்கு மீட்டர் நூல், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள். ஸ்டார்ட் செய்யும்போது வீடியோ எடுத்து அனுப்பு, சத்தத்தை நானும் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்