ஒன்பதாம் வகுப்புக் கேள்வி

பாப்பா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள். ஏழு வாரமாகப் போன் இல்லை. அண்ணன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான், நானும் தோண்டவில்லை. மாமா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது.

வட்டத்தில் வரும் கார்டும் (chord) கிதாரில் வரும் கார்டும் ஒன்றா என்று ஒன்பதாவது படிக்கும்போது கேட்டாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒன்றில்லை. வட்டத்துக் கார்டு கிரேக்கத்துக் 'கோர்டே'. குடல் என்று பொருள். குடலை முறுக்கித்தான் அந்தக் காலத்தில் யாழுக்கு நரம்பு கட்டினார்கள். நாம் அதை வில்லாகப் பார்த்தோம்: வட்டத்தின் துண்டு வில், குறுக்குக் கோடு நாண். வடமொழியில் ஜ்யா. 499-இல் ஆர்யபட்டர் அரை நாணுக்கு அட்டவணையே போட்டிருக்கிறார். ஜ்யா என்ற சொல் அரபுக்குப் போய் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறி போடாமல் எழுதியதை 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். அதற்குத் துணி மடிப்பு என்று பொருள். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் அதையே 'சைனஸ்' என்று பெயர்த்தார்கள். நீ அழுது அழுது படித்த சைன் அதுதான். அழுதாலும் நூறு வாங்கினாய், இன்னும் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வரி செய்தி அனுப்ப நேரமில்லையா? சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இசைக் கார்டுக்கும் தந்திக்கும் பிறவி உறவு கிடையாது. அது 'அக்கார்ட்' என்பதன் குறுக்கம். இசைந்துபோவது. ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலித்தால் ஒத்து நிற்குமே, அது. அதன் வேரில் இருப்பது லத்தீன் சொல், இதயம் என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் தந்தி ஞாபகத்தில் நடுவே ஒரு 'எச்' நுழைத்ததால் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அன்றைக்கு, "பரீட்சைக்கு வராததைக் கேட்காதே" என்று அதட்டினேன். எனக்குத் தெரியாது பாப்பா. கணக்கு வாத்தியார் நான், தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கும் தமிழில் நாண் என்றுதான் பெயர். அதே வாரம் கிதாரைப் பரணில் ஏற்றியதும் நான்தான். படிப்புக்காக என்றேன். வாசலில் வந்தவரெல்லாம் உன் வாசிப்பையே கேட்டார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று இறக்கித் துடைத்தேன். மெல்லிய தந்தி துருவேறியிருந்தது. முறுக்காணியைத் திருப்பியதும் அறுந்து விரலைக் கிழித்துவிட்டது. மற்ற ஐந்தும் இருக்கின்றன. என்ன பருமனில் வாங்க வேண்டும் என்று மட்டும் போன் பண்ணிச் சொல். வேலையைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா