மின்வயரிங் மாற்றம்: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் வயரிங் மாற்றும் பணி முடிந்துவிட்டது. பழைய வயரை உருவியது, சுவிட்ச் போர்டு மாற்றம், எர்த் குழி, பூச்சு வேலை எல்லாம் பேசியபடியே நடந்தன. செலவு ஏன் கூடியது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அதைக் கூட்டத்தில் கேட்டவர்களும் உண்டு, மாடிப்படியில் நின்று பேசியவர்களும் உண்டு.

ஒப்பந்தக்காரரின் திட்டத்தில் ஹீட்டர், ஏசி, மின் அடுப்பு, பவர் பிளக் என நான்கு சர்க்யூட்டும் ஒரே பைப்பில் போயின. எல்லாமே 2.5 ஸ்கொயர் (குறுக்குப்பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்) செப்பு வயர். எந்த வயர் எவ்வளவு தாங்கும் என்ற அட்டவணையில் அந்த வயருக்கு 24 ஆம்பியர் போட்டிருக்கிறது, 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பதே 13 ஆம்பியர்தான், அப்புறம் என்ன என்றார். உறுப்பினர்களில் சிலரும் அவர் பக்கம் பேசினார்கள்.

ஆனால் அந்த 24 ஆம்பியர், பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் இருந்து, சுற்றுச்சூடு 30 டிகிரியாக இருந்தால் மட்டுமே செல்லும். நான்கு சர்க்யூட் ஒன்றாகப் போனால் ஒன்றின் சூடு மற்றதை ஏற்றும், அதற்கு 0.65 ஆல் பெருக்க வேண்டும். கோடைக்கு 40 டிகிரி என்று வைத்தால் பிவிசி வயருக்கு இன்னொரு 0.87. பெருக்கிப் பார்த்தால் நிற்பது 13.6 ஆம்பியர்.

“13 தானே ஓடும், 13.6 தாங்குகிறதே” என்றார் ஒப்பந்தக்காரர். சண்டை முற்றியது இந்த இடத்தில்தான். வயரைக் காப்பது எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். ஹீட்டருக்கு அவர் போடுவதாக இருந்தது 16 ஆம்பியர் எம்சிபி. அது 16ஐத் தாண்டிய நொடியிலேயே விழுந்துவிடாது. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்கி நிற்க வேண்டும், 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே அதன் விதி. 13.6 மட்டுமே தாங்கும் வயரில் 17, 18 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி பேசாமல் இருக்கும். சுவருக்குள் வயரின் காப்பு உறை வெந்துகொண்டிருக்கும். பவர் பிளக்கில் யார் எப்போது எதைச் செருகுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? லோடைவிட எம்சிபி பெரிதாகவும், எம்சிபியைவிட வயரின் தாங்குதிறன் பெரிதாகவும் இருக்க வேண்டும். இதில் குழு ஒரு அடிகூட இறங்கவில்லை, இனியும் இறங்காது.

ஒரு பைப்பில் இரண்டு சர்க்யூட்டுக்கு மேல் கூடாது என்று முடிவு செய்தோம். அப்போது 0.65க்குப் பதில் 0.8. 2.5 ஸ்கொயருக்கு 16.7 ஆம்பியர் கிடைக்கிறது, 16 ஆம்பியர் எம்சிபிக்குச் சரி. ஏசிக்கு 20 ஆம்பியர் எம்சிபி என்பதால் 4 ஸ்கொயர். அது 22 ஆம்பியர் தாங்கும். இதனால் ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு பைப், அதைப் புதைக்கச் சுவரில் இன்னொரு காடி வெட்டு. கூடுதல் செலவில் பெரும்பகுதி இதுதான். ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் போனார். பிறகு பேசி, பைப்புக்கும் காடிக்கும் கூலி கொடுத்தோம். வயர் வித்தியாசத்துக்குக் கொடுக்கவில்லை. “லோடுக்கு ஏற்ற வயர்” என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மீட்டரிலிருந்து டிபி (வீட்டின் எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரை போகும் மெயின் வயர் கூடுதல் செலவில் இன்னொரு பங்கு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதைக் கழித்து வீட்டுக்கு 40 ஆம்பியர் கணக்கிட்டோம். மேல் மாடிக்கு 30 மீட்டர் தூரம். 6 ஸ்கொயரில் வழியிலேயே 8.8 வோல்ட் இறங்கும். 10 ஸ்கொயரில் 5.3 வோல்ட்தான். தவிர 40 டிகிரியில் 6 ஸ்கொயர் 36 ஆம்பியருக்கு மேல் தாங்காது. கீழ் வீடுகளுக்கு எதற்கு 10 என்று கேட்டார்கள். தூரம் குறைந்தாலும் ஆம்பியர் அதேதானே!

புது வயரிங்கில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்ற புகாரில் நியாயம் இருந்தது. சில போர்டுகளில் ஆட்கள் லைட் சர்க்யூட் நியூட்ரலையும் பவர் சர்க்யூட் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். ஃபேஸில் போன மின்சாரம் அதே ஆர்சிசிபியின் நியூட்ரல் வழியே திரும்பவில்லை என்றால் அது கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழும். டிபியில் நியூட்ரல்களைக் கழற்றி, ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா என்று வீடு வீடாகச் சோதித்துப் பிரித்தாயிற்று. லைட்டுக்கும் பவருக்கும் தனித்தனி ஆர்சிசிபி வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததால்தான், ஹீட்டரில் கசிவு வந்தாலும் வீடு இருட்டாகாது. வயரின் காப்பு உறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் சோதனையில் எல்லா வீடும் தேறிவிட்டது.

கூடுதல் செலவை ஈடுகட்ட உதவியவர்களை நன்றியோடு குறிப்பிடுகிறோம். இரண்டாம் மாடி மூலை வீட்டு ஐயா எர்த் கம்பி முழுவதையும் ஏற்றுக்கொண்டார். கீழ்த்தள ஆசிரியர் தம்பதியர், மூன்றாம் மாடி அக்கா தங்கை இருவர், பின்கட்டு ஓய்வுபெற்ற பொறியாளர் (கணக்குகளைச் சரிபார்த்ததும் அவரே), முதல் மாடி புதுக்குடித்தனக்காரர்கள், மொட்டைமாடி அறைத் தம்பிகள், வெளியூரில் இருந்தபடியே பங்கு அனுப்பிய நான்கு வீட்டார், பெயர் வேண்டாம் என்று சொல்லி டிபி பெட்டிகள் வாங்கித் தந்த ஒருவர். காடி வெட்டிய தூசியைப் பொறுத்துக்கொண்டு தன் வீட்டில் சாமான்களை வைத்துக்கொள்ள இடம் கொடுத்த பாட்டிக்கும் நன்றி.

எந்த எம்சிபி எதற்கு, எந்தப் பைப்பில் எந்த வயர் என்ற தாள் ஒவ்வொரு டிபி கதவின் உட்புறமும் ஒட்டியிருக்கிறது, கிழிக்க வேண்டாம். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். எம்சிபி விழுகிறது என்று பெரிய எம்சிபி மாற்றச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள்; முதலில் குழுவிடம் சொல்லுங்கள். ரசீதுகளும் சோதனைத் தாள்களும் சங்க அறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகை உத்தரவாதக் காலம் முடிந்த பிறகே கொடுக்கப்படும்.

பணிக்குழுவுக்காக,
செயலாளர்