முன்பணத்தைக் காட்டிப் பிடித்து வைப்பதும் கொத்தடிமைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் மின்சார கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டினார்கள். ஒரே ஊரிலிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள். குழந்தைகள் பள்ளத்து ஓரத்திலேயே தூங்கின. தண்ணீர் கொடுக்கப் போனபோது பேச்சுக் கொடுத்தேன். முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அது கழியும்வரை ஊருக்குப் போக முடியாது, எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியுமாம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். கொத்தடிமை என்றதும் நமக்குச் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆனால் கடனைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் கட்டிப்போட்டால் அது எந்த வேலையாக இருந்தாலும் குற்றம்தான், 3 ஆண்டு வரை சிறை. பள்ளம் தோண்டும் வேலையை நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறது, அவர் துணை ஒப்பந்ததாரரிடம், அவர் மேஸ்திரியிடம். கடைசிப் படியில் நடப்பது மேலே யாருக்கும் தெரியாது என்கிறார்கள். எனக்குக் கோபமே இதில்தான்.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்கள், மின்சார, குடிநீர் நிறுவனங்கள் உட்பட, தங்கள் ஒப்பந்ததாரர்களிடமும் பொருள் தருபவர்களிடமும் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் அபராதம் இல்லை, அது பெரிய ஓட்டை.

சரி, இங்கே டெண்டரிலேயே எழுதட்டும்: கூலி நேராக வங்கிக் கணக்கில், முன்பணக் கணக்கின் நகல் தொழிலாளி கையில். பில் பாஸ் செய்வதற்கு முன் பொறியாளர் ஒருவர், மேஸ்திரி பக்கத்தில் இல்லாத நேரத்தில், தோண்டுபவர்களிடம் பேசட்டும். அப்புறம், நம் 1976 சட்டப்படி அமைக்க வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுக்கள் சூளைகளோடு நிற்காமல் இந்தப் பள்ளங்களுக்கும் வரட்டும்.

ஒரு வாசகர்,
செங்கல்பட்டு