ஏஐ படிக்க பயாலஜி வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் கல்விப் பக்கத்தில் வரும் ஆலோசனைகளைப் படித்துவருகிறேன். மெஷின் லேர்னிங், அதாவது கம்ப்யூட்டரைத் தானே கற்க வைக்கும் ஏஐ பிரிவு, அந்தப் பக்கம் போக நினைக்கும் பிள்ளை கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்க வேண்டும், பயாலஜி என்றால் நீட் மட்டும்தான் என்கிற மாதிரியே எல்லாம் இருக்கிறது. இதை நம்பி முடிவெடுக்கும் வீடுகள் நிறைய.

பீட்டர் தயான் என்ற ஆராய்ச்சியாளரைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் கணிதம், எடின்பரோவில் முனைவர் பட்டம். 1992-இல் கிறிஸ் வாட்கின்ஸுடன் சேர்ந்து, க்யூ-லேர்னிங் என்ற, கம்ப்யூட்டர் பலனைப் பார்த்துக் கற்கும் முறை கடைசியில் சரியான விடைக்கு வந்து சேரும் என்று நிரூபித்தார். சுத்தமான மெஷின் லேர்னிங் அது. அப்புறம் 1997-இல் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், ரீட் மாண்டேகு இருவருடன் எழுதிய கட்டுரை முழுக்க மூளையைப் பற்றியது. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அதன் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடிக்கின்றன, விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்கைப் பார்த்ததுமே துடிக்கின்றன, சாறு வரும்போது பேசாமல் இருக்கின்றன, வர வேண்டிய சாறு வராமல் போனால் அடங்கிவிடுகின்றன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன. ரிச்சர்ட் சட்டன் 1988-இல் கம்ப்யூட்டருக்காக எழுதிய அல்காரிதத்தில் இருப்பதும் இதே கணக்குதான்! சட்டன் இளநிலையில் படித்தது உளவியல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தயானுக்கு 2017-இல் மூளை ஆய்வுக்கான பிரெயின் பிரைஸ், சட்டனுக்கு ஆண்ட்ரூ பார்ட்டோவுடன் 2024-க்கான, கம்ப்யூட்டர் துறையின் டூரிங் விருது.

மூளையையும் ஏஐயையும் சேர்த்து ஆராயும் இந்தப் பாதை நீளமானது, அதை மறைக்க வேண்டாம். முனைவர் பட்டத்துக்கே பல வருடம், அதற்குப் பிறகும் ஒப்பந்தக் காலம் முடிய முடிய அடுத்த இடம் தேட வேண்டும், சம்பளத்தில் கம்பெனி வேலையோடு போட்டி போட முடியாது. ஆனாலும் மூளை எப்படிக் கற்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாமல் போவது அநியாயம். சென்னை ஐஐடியிலேயே மூளை ஆய்வுக்குத் தனி மையம் நடக்கிறது.

என் கருத்து, அப்படிப்பட்ட பிள்ளைக்கு பயோ-மேக்ஸ் நல்ல தேர்வு. புரோகிராமிங்கை கல்லூரியில் பிடித்துக்கொள்ளலாம், கணிதத்தை விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள், இந்தத் துறையில் இருப்பவர்களிடமே கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
தஞ்சாவூர்